அம்மாவின் நாலாவது சொல்

இரத்தோட்டை
12.01.2025

அன்பு மருமகன் நிமலனுக்கு உன் தாய்மாமன் லெட்சுமணன் எழுதுவது. இங்கே நான், என் மீசை, உன் அம்மா மூவரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு.

இப்போது நிமிர்ந்து உட்கார். நான் சொல்லப்போவது யாருமே நம்பாத ஒரு கதை. கோர்ட்டில் சொன்னால் நீதவான் என்னையும் பிடித்து உன் பக்கத்துப் பாயில் போட்டுவிடுவார். ஆனாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று, ஒரு நுனி இரத்தோட்டையிலும் மறு நுனி கலேவெலயிலும் கிடக்கிற இந்த மீசையின் மேல் ஆணையிடுகிறேன். மார்கழியில் உன்னைப் பார்க்க வந்தபோது வாசலில் நின்ற காவலர் என் சட்டைப்பையை விட்டுவிட்டு மீசையைத்தானே சோதனை போட்டார்! அந்த மீசை.

ஹயருக்கு ஏறிய எவனோ ஒருத்தன் உன் திரீவீல் பின் சீட்டில் விட்டுப்போன தூள் பையால் உன்னையும் பிடித்து, திரீவீலையும் பிடித்து, கைப்பேசியையும் பிடித்துக்கொண்டார்கள். அதிலே உன் சொல் விளையாட்டும் போய்விட்டது. ஸ்டாண்டில் நீ ஹயரைக்கூட மறந்து அதைக் குத்திக்கொண்டிருப்பாய். தினம் காலையில் பதினாறு சொல் வரும். ஒன்றோடொன்று சேர்கிறவற்றை நாலு நாலாகப் பிரிக்கவேண்டும். "மாமா, இதுல எது எதோட சேரும்?" என்று என்னைக் கேட்பாய். நாற்பது வருஷம் சரக்குக் கடையில் கராம்பையும் மிளகையும் தரம் பிரித்தவனுக்கு நாலு சொல்லைப் பிரிப்பதா பெரிசு? ஆகவே இனி அந்த விளையாட்டை நானே செய்து தபாலில் அனுப்புவதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறேன்.

கதை இதுதான். பன்னிரண்டு சொல் என்னுடையது. மிச்சம் நாலும் உன் அம்மாவுடையது. ஆமாம், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத என் அக்கா அழகம்மாவுடையது! "அக்கா, ஒண்ணோடொண்ணு சேர்ற நாலு சாமான் சொல்லு, நிமலனுக்கு அனுப்பணும்" என்றேன். யோசித்தாள் பார், மலையிலே காற்று நின்றுவிட்டது. மாத்தளை பஸ் நடு ரோட்டில் எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. கடைசியில் சொன்னாள். எது அவளுடையது என்று நீயே கண்டுபிடி.

கராம்பு, ரொட்டி, உளி, நாவுல, சம்பல், கறுவா, வாள், கலேவெல, குடை, மிளகு, தம்புள்ள, சுத்தியல், பருப்பு, வில்கமுவ, சாதிக்காய், ஆணி.

மிளகு மலைகளின் முடிசூடா மன்னன்,
உன் மாமா லெட்சுமணன்

---

ரிமாண்ட் சிறை
29.01.2025

அன்புள்ள மாமாவுக்கு நிமலன் வணக்கம். நான் இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும்.

உங்கள் கடிதம் பத்து நாள் ஒஃபிஸில் கிடந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஐயாவுக்குத் தமிழ் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "கராம்புன்னா என்ன சாமான்? சாதிக்காய்ன்னா எந்தத் தூள்? கலேவெலயில யாரு கைமாத்துறான்?" என்று கேட்டார். அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவரே குனிந்து பார்த்து, உளி, வாள், சுத்தியல், ஆணி நாலையும் தச்சுவேலை என்று சேர்த்துவிட்டார். பிறகுதான் கடிதம் என் கைக்கு வந்தது.

வாசனைச் சரக்கு, தச்சுவேலை, பஸ் போகும் ஊர்கள், மூன்றும் சரி. மிஞ்சியது ரொட்டி, சம்பல், பருப்பு, குடை. அது அம்மாவுடையது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. குடை ஏன் என்று கேட்டு எழுதுங்கள்.

அம்மா மூன்று மாதமாக என்னைப் பார்க்க வரவில்லை. அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
நிமலன்

---

இரத்தோட்டை
11.02.2025

தச்சுவேலை ஐயாவுக்கும் உனக்கும் சேர்த்து என் வணக்கம். நாங்கள் சுகம். பொங்கல் முடிந்தது, பானை மிச்சம்.

அம்மா வராத காரணம் கேட்டாய். அவள் பஸ்ஸில் ஏறினால் சனமெல்லாம் எழுந்து நின்று மரியாதை செய்கிறது. சனம் உட்கார்ந்தால்தான் பஸ் எடுப்பேன் என்கிறார் டிரைவர். அம்மா இறங்கினால்தான் உட்காருவோம் என்கிறது சனம். பஸ் கம்பெனி கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால் பயணத்தை ஒத்தி வைத்திருக்கிறோம். காலில் சின்ன வீக்கம் வேறு. யானைக்கால் இல்லை, பூனைக்கால் அளவு. மாத்தளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டினேன். நாலு டாக்டர்கள் சுற்றி நின்று, "இப்படி ஒரு தெம்பான உடம்பை நாங்கள் படித்ததே இல்லையே" என்று அழுதார்கள்.

குடை விஷயம் கேட்டேன்.

"அக்கா, குடையைத் திங்க முடியுமா?"

"திங்கவா சொன்னேன்? மத்ததெல்லாம் கூட்டத்தோட போயிருச்சு. அது பாவம், மூலையில தனியா நிக்குது. அதையும் கூப்பிட்டுக்கிட்டேன்."

"விளையாட்டுல அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாதுக்கா."

"ஒன் விளையாட்ட நீயே வச்சுக்க. புள்ளைக்கு ரொட்டி கட்டிக் குடுத்தா கொடையும் குடுக்கணும். இல்லாட்டி நனைஞ்சுதான் வருவான்."

மன்னனும் அப்படியே எழுதிக்கொண்டான். இந்தத் தடவைக்கு உரிய பதினாறும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவுடைய நாலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய்: கோழி, ஆடு, மாடு, ஜன்னல்.

நாலு டாக்டர்களையும் தேற்றி அனுப்பிய,
மாமா

---

ரிமாண்ட் சிறை
02.03.2025

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். எனக்கு இருமல் விட்டது. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன். இராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. கோழி, ஆடு, மாடு எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிறவை. வாசலுக்கு வந்து பார்க்கிற ஆளுக்கு ஜன்னல் ஞாபகம் வராது. மாமா, அம்மா எந்நேரமும் படுக்கையிலா இருக்கிறாங்க?

ஒன்று சொல்கிறேன், பகிடி பண்ணாமல் கேளுங்கள். இங்கே என்னோடு இருக்கும் டிலக்சனுக்குப் போன மாதம் அப்பா தவறிவிட்டார். கிராம சேவகர் கடிதத்தோடு வீட்டு ஆட்கள் வந்து சொன்னதும், இரண்டு காவலரோடு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு கையில் விலங்கு, மறு கையால் கொள்ளி வைத்தானாம். பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்குச் சோறு வேண்டாமென்றான். ஆனாலும், "நான் வச்சுட்டேன்டா, அது போதும்" என்றான்.

நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஏதாவது என்றால் எனக்கு அறிவிக்கவேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். விலங்கோடு என்றாலும் பரவாயில்லை. சத்தியம் பண்ணி எழுதுங்கள்.

அன்புடன்,
நிமலன்

---

இரத்தோட்டை
12.03.2025

மருமகனே, சுகம் சுகம் என்று மூன்று தரம் எழுதுகிறேன், ஒன்றாவது உன்னிடம் வந்து சேரட்டும்.

ஜன்னலா? அடேய், உன் அம்மா அன்றைக்கு ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்! துடைத்த துடையில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் மூன்று காகங்கள் மோதி விழுந்தன. நீ அங்கே படுத்துக்கொண்டு துப்பறிகிறாய்.

சத்தியம் கேட்டாய். சின்னச் சத்தியம் எனக்குப் பழக்கமில்லை. என் மீசையின் மேல் சத்தியம். அப்படி ஒன்று வந்தால், வராது, வந்தால் அந்தச் சிறைக்கூடத்துக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிப்போவேன். தவறினால் இந்த மீசை என் முகத்தில் இருக்காது. போதுமா?

அம்மாவின் நாலு: உப்பு, சீனி, தேயிலை, நாலரை மணி பஸ்.

"அக்கா, பஸ் எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்து சேர வேண்டியதத்தானே சொன்னேன்" என்றாள்.

சத்தியம் தவறாத,
மாமா

---

ரிமாண்ட் சிறை
06.04.2025

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்கே சுகம்.

என் பதில் வந்ததா தெரியவில்லை, ஆகவே திரும்ப எழுதுகிறேன். நாலரை பஸ்ஸுக்கு எனக்கு விளக்கம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வழக்குத் தவணை ஆவணிக்குப் போய்விட்டது, பிணை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

மூன்று கிழமையாக உங்கள் கடிதம் இல்லை. பார்க்கவும் வரவில்லை. தச்சுவேலை ஐயாவே, "இந்தக் கிழமையும் மாமா சொல் அனுப்பல்லியா?" என்று கேட்கிறார்.

அன்புடன்,
நிமலன்

---

இரத்தோட்டை
20.04.2025

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உனக்குப் புதுவருஷ வாழ்த்து.

கடிதம் சுணங்கியதற்கு ஒரு யானைதான் காரணம். மிளகு விஷயமாக வில்கமுவவுக்குப் போனேன். பஸ் இல்லை, டிரக்டர் பெட்டியில் ஏறிப் போனேன். வழியில் யானை ஒன்று என் காலை மிதித்துவிட்டது. கவலைப்படாதே, யானைக்குத்தான் இப்போது காலில் கட்டு. இருந்தாலும் டாக்டர் என்னையும் மூன்று மாதம் தூரப் பயணம் போகவேண்டாம் என்றுவிட்டார். அதனால் உன்னைப் பார்க்க வர முடியாது. வருவேன், கொஞ்சம் பொறு.

வருஷத்துக்கு அம்மா செய்த பலகாரம் தோட்டத்து வரிசை வீடுகள் எட்டு லயத்துக்கும் பங்கு வைத்தும் மிச்சம். கொக்கீஸ் மட்டும் ஆயிரத்து இருநூறு. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே இந்த நாலையும் சொன்னாள்:

கூடை, படங்கு, கயிறு, மட்டக்கம்பு.

என் பன்னிரண்டு அடுத்த தடவை வரும். கால் வலிக்கிறது.

மாமா

---

ரிமாண்ட் சிறை
03.05.2025

மாமாவுக்கு வணக்கம்.

முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, கூடையைத் தலையில் கொளுவக் கயிறு, கொழுந்து மட்டம் பார்க்கக் கம்பு. அம்மா இருபத்தெட்டு வருஷம் தேயிலை மலைக்கு எடுத்துப்போன சாமான் நாலும். எல்லாம் சேருகிறது. ஒன்றுகூடத் தப்பு இல்லை.

அம்மாவின் நாலில் ஒன்று எப்போதும் சேராது. தனியாக நிற்கிற ஒன்றைக் கூப்பிடாமல் அம்மா ஒரு நாளும் இருந்ததில்லை. இது அம்மா சொன்னது இல்லை. நீங்கள் செய்தது.

அம்மா இருக்கிறாங்களா?

நிமலன்

---

இரத்தோட்டை
10.05.2025

மருமகனே, சுகம். என்ன பேச்சு இது? உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் இரண்டு கழன்றுவிட்டது. பள்ளிக்கூடம் போகாதவள் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அதற்கும் குற்றப்பத்திரிகையா?

இந்தா, இன்று காலையில் சொன்னது: கராம்பு, ஏலம், மிளகு, ரயில். தப்பு வேண்டுமென்றாயே, இருக்கிறது பார்.

மாமா

---

ரிமாண்ட் சிறை
21.05.2025

மாமா,

ரயில் ஏன்?

அம்மாவின் தப்புக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். குடைக்கு இருந்தது. ஜன்னலுக்கு இருந்தது. பஸ்ஸுக்கு இருந்தது. அம்மா வாழ்க்கையில் ரயில் ஏறினதே இல்லை. கராம்பும் ஏலமும் மிளகும் உங்கள் கடைச் சாமான், அம்மாவின் வாயில் வருகிறது கிடையாது.

யானை வேண்டாம். கூரைத் தகரம் வேண்டாம். எப்போது என்று மட்டும் எழுதுங்கள். கொள்ளி யார் வைத்தது என்றும் எழுதுங்கள்.

நிமலன்

---

இரத்தோட்டை
08.06.2025

நிமலனுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

மார்ச் இருபத்துநாலு, திங்கட்கிழமை. நாலரை பஸ் லயத்துக்குக் கீழே ஹோன் அடித்துத் திரும்பிப் போன பிறகு. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று மார்கழியிலேயே சொல்லிவிட்டார்கள். டாக்டர் நாலு பேர் இல்லை, ஒருத்தர். அவர் அழவும் இல்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான். பொங்கலுக்கு முன்னமே படுக்கை. ஜன்னல் பக்கமாகத் தலையை வைத்துக் கட்டிலைப் போட்டேன். நீ கண்டுபிடித்தது சரி. நான் கடிதம் எழுதும்போது சத்தம் போட்டு வாசிப்பேன். காகம் மோதி விழுந்த இடத்தில் சிரித்தாள். இன்னும் பெரிய பொய்யாகச் சொல்லச் சொன்னாள்.

கொள்ளி வைத்தது நான்.

செத்த அன்று பின்னேரமே கிராம சேவகர் கடிதம் கொடுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் அதைப் பையில் வைத்துக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். உன் சிறை இருக்கிற ஊர் பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் நின்றேன். மூன்று பஸ் போனது. நான் ஏறவில்லை. பையில் அந்தக் கடிதம், தலைக்குள்ளே அதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் அக்கா என்னிடம் சொன்னது. நீ சத்தியம் கேட்டு எழுதியதை மறுபடி வாசித்துக் காட்டிய நாளில் சொன்னது.

"தம்பி, என் புள்ள கையில விலங்கோட லயத்துக்குள்ள வரக் கூடாது. சனம் என்னையப் பாக்காது. அவன் கையத்தான் பாக்கும்."

"அவன் கேட்டு எழுதியிருக்கானேக்கா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஒன் சத்தியத்த யாரு நம்புறா? எனக்கு ஒண்ணு பண்ணு."

பண்ணினேன். உனக்குப் பண்ணியதை உடைத்து அவளுக்குப் பண்ணினேன். உயிரோடு இருக்கிறவனுடைய உரிமையைப் பிடுங்கிச் செத்தவளின் வெட்கத்துக்குக் கொடுத்தேன். அது சரியா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவள் சொன்னதால் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். உன் முகத்துக்கு முன்னால் நின்று அந்தச் செய்தியைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாய் கிழியப் பேசுகிறவனுக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. மூன்றாவது பஸ் போன பிறகு திரும்பி வந்தேன்.

வாசலில் பாடை கட்டியிருந்தது. உன் ஸ்டாண்டுப் பையன்கள் எல்லாம் வந்திருந்தார்கள். "நிமலன் எங்க மாமா?" என்று கேட்டார்கள். "விடமாட்டேன்னுட்டாங்க" என்று சிறைக்காரர் தலையில் பழியைப் போட்டேன். அங்கேயும் ஒரு பொய். சவரக்காரர் வந்து, தலையை மழிக்கட்டுமா, மீசையையும் எடுக்கட்டுமா என்று கேட்டார். கொள்ளி வைக்கிறவனுக்கு எதற்கு மீசை? எடுக்கச் சொன்னேன். அது ஒரு பிடிகூட இல்லை நிமலன். கலேவெல வரைக்கும் கிடந்ததென்று சொன்னேனே, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஒரு விரல் அளவுதான் மிதந்தது. குடம் சுமந்து மூன்று சுற்று வந்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். அதனால் ஏதும் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடித்தேன். புதுவருஷத்துக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

உன்னைப் பார்க்க வராதது இதனால்தான். காலில் ஒன்றும் இல்லை. மீசை இல்லாமல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே உனக்குத் தெரிந்துவிடும். வளரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது நரைத்த முள்ளாக வளர்ந்திருக்கிறது. வருகிற ஞாயிறு வருகிறேன். பார்க்க வரமாட்டேன் என்று நீ உள்ளேயே இருந்துகொண்டாலும் சரி, பொழுது சாயும் வரைக்கும் வாசலில் நிற்பேன்.

மாமா

பிற்குறிப்பு: சித்திரையில் எழுதிய கடிதத்தில் யானை பொய், கால்கட்டு பொய், கொக்கீஸ் பொய், எண்ணெய்ச் சட்டி பொய். ஒன்றே ஒன்று மட்டும் பொய் இல்லை, அதைத்தான் நீ பொய் என்று பிடித்தாய். சனிக்கிழமை காலையில், போவதற்கு இரண்டு நாள் முன்னால், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: கூடை, படங்கு, கயிறு, மட்டக்கம்பு. நான் பேனாவோடு காத்திருந்தேன். "தனியா நிக்கிற ஒண்ணக் காணோமேக்கா?" என்றேன். "மலைய விட்டு எறங்குறப்ப நாலையும் கழட்டி ஒண்ணாத்தானே வைப்போம்" என்றாள். பிறகு, "இந்தத் தடவ சரியாச் சொல்லிட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றாள். அந்த நாலு சொல்லும் உன் அம்மா சொன்னதுதான்.